சாண்ட்பேங்க்ஸா, கில்பேரா, அல்கோன்குயினா, பான் எக்கோவா? மூன்று குடும்பமாகக் காம்பிங் போக எந்த ஏரி?

கோடையில் மூன்று இரவு எங்காவது ஏரிக்கரையில் கூடாரம் போடலாம் என்று வட்ஸ்அப் குழுவில் யாராவது எழுதினால் போதும். ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துக் குடும்பங்களிடமிருந்து முதலில் வரும் பெயர் சாண்ட்பேங்க்ஸ்தான். அடுத்தது அல்கோன்குயின். ஏற்கெனவே போய்வந்தவர் ஒருவர் இருந்தால் கில்பேர் என்பார். பான் எக்கோவைச் சொல்பவர்கள் குறைவு. நான்குமே கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்கள். விடிய வெளிக்கிட்டால் மதியத்துக்குள் எதற்கும் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் யாரோடு போகிறோம் என்று பார்த்தால், ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது.

இங்கே நான் மனதில் வைத்து எழுதுவது நம்மிடையே வழக்கமான ஒரு கூட்டத்தை. மூன்று குடும்பம், ஐந்து வயதுப் பிள்ளை முதல் பதினாறு வயதுப் பெடியன் வரை, கூடவே ஒரு அம்மம்மா. இரண்டு பேருக்கு மட்டும்தான் முன்பு கூடாரம் போட்ட பழக்கம்.

திட்டம் எழுதும்போது காட்டுநடை, மலையுச்சி, சைக்கிள் என்று எல்லாம் எழுதுவோம். அங்கே போனபின் காலை பத்து மணிக்கே “எப்ப தண்ணிக்குப் போறது?” என்ற கேள்வி வந்துவிடும். பதினொன்றிலிருந்து நாலு, நாலரை வரை எல்லோரும் ஏரியில்தான். அதனால் தண்ணீரை முதலில் தெரிவுசெய்யுங்கள், காம்ப்சைட்டை, அதாவது கூடாரம் போடும் இடத்தை, அடுத்ததாக, காட்சியைக் கடைசியாக. கரை மணலா பாறையா, இடுப்பளவு ஆழம் எவ்வளவு தூரத்துக்கு நீள்கிறது, தண்ணீர் எவ்வளவு குளிர், கூடாரத்திலிருந்து நடந்து போகலாமா, ஒவ்வொரு தடவையும் கார் எடுக்க வேண்டுமா என்பவைதான் பயணம் நன்றாகப் போகுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள்: இந்தப் பூங்காக்களின் கரைகளில் உயிர்காப்பாளர்கள் கிடையாது. நம் பெரியவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. பிள்ளை ஆழத்துக்குப் போனால் இழுத்து வரக்கூடிய ஆள் யார் என்பதை வீட்டிலேயே பெயர் சொல்லிப் பேசி வையுங்கள். பல பூங்காக்களில் லைஃப் ஜாக்கெட்டை இரவல் தருவார்கள். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அளவானதை வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

இந்த அளவுகோலில் சாண்ட்பேங்க்ஸ் ஏன் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது என்பது விளங்கும். பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ரியில், ஒன்ராறியோ ஏரியின் கரையில் இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். விரிகுடாவின் வாயை அடைத்தபடி உருவான மணற்குன்றுகளில், நன்னீர்க் கரையில் உலகிலேயே பெரியவை இங்கேதான். மூன்று கடற்கரைகளில் அவுட்லெட் கரைதான் நமக்கானது. நல்ல தூரம் நடந்து போனாலும் தண்ணீர் தொடைக்கு மேல் வராது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பாதுகாப்பான கரையைச் சொல்வது கடினம். டியூன்ஸ் கரை அப்படி இல்லை. அது உள்ளே உள்ள வெஸ்ட் லேக்கின் பக்கம். அங்கே மணற்குன்று நேரே தண்ணீருக்குள் இறங்குவதால் ஆழம் சட்டென்று வரும். குன்றில் உருண்டு விளையாடப் போகும் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஒன்ராறியோ ஏரி பெரிய ஏரி. காற்று மேற்பரப்பின் சூடான தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வரும். நேற்றுக் குளித்த அதே இடத்தில் இன்றைக்குக் கால் வைக்க முடியாமல் போகலாம். கரையிலிருந்து வெளியே வீசும் காற்றில் ஊதிய மிதவைகளில் பிள்ளைகளை விடவே கூடாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரப் போய்விடும். அப்புறம் சனம். யூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் பகல் விருந்தாளிகளின் கார்களால் பூங்கா நிரம்பி, வாசலில் திருப்பி அனுப்புவார்கள். காம்பிங் செய்பவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, அது பெரிய வசதிதான். ஆனால் கரையில் பாய் விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். காம்ப்சைட்டுகளும் நெருக்கமானவை. பக்கத்துக் கூடாரத்தில் இருமினால் நமக்குக் கேட்கும். ஒதுக்கமும் இரவின் அமைதியும் தேடிப் போகிறவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான்.

கில்பேர் முற்றிலும் வேறு மாதிரி. நெடுஞ்சாலை 400 இல் பரி சவுண்ட் தாண்டி, ஜோர்ஜியன் விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப்போன்ற நிலம். இளஞ்சிவப்புக் கருங்கல், அதன் வெடிப்பில் வேர்விட்டு மேற்குக் காற்றால் ஒரே பக்கமாகச் சாய்ந்த பைன் மரம், தெளிந்த நீலத் தண்ணீர். படங்களில் பார்க்கும் ஒன்ராறியோ இதுதான். மணற்கரைகளும் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்கு நான்கிலும் இதுதான் முதலிடம். பாறையிலிருந்து பாறைக்குத் தாவி நாள் முழுக்க இருப்பார்கள், கைபேசியைத் தேட மாட்டார்கள். ஆனால் அதே பாறைகள் முழங்கால் வலியுள்ள அம்மம்மாவுக்கு இடைஞ்சல், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஆபத்து. விரிகுடாத் தண்ணீர் யூன் மாதத்தில் கடும் குளிர். யூலைக் கடைசியில்தான் நமக்கு ஏற்றதாகும்.

கில்பேர் என்றதும் எல்லோரும் பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். மசசாகா ராட்டில்ஸ்நேக் எனப்படும் கிலுகிலுப்பைப் பாம்பு அங்கே வாழ்வது உண்மை. ஒன்ராறியோவில் மிஞ்சியிருக்கும் ஒரே நச்சுப் பாம்பு அது, சட்டத்தால் காக்கப்பட்டது. தடித்த, கூச்சமுள்ள பிராணி. மிதித்தாலோ கையில் எடுக்க முனைந்தாலோதான் கடிக்கும். இருட்டில் வெறுங்காலோடு நடக்காமல், மூடிய சப்பாத்தும் டோர்ச்சும் பாவித்தால் போதும். பார்வையாளர் நிலையத்தில் உயிரோடு வைத்துக் காட்டுகிறார்கள். பிள்ளைகளை முதல் நாளே அங்கே கூட்டிப்போனால் பயம் தெளிந்து ஆர்வமாக மாறிவிடும். பாம்புக்காகக் கில்பேரை விட வேண்டியதில்லை. ஆனால் பயத்தில் இரவு முழுக்க நித்திரை கொள்ளாத ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அவருக்காக வேறு இடம் பார்ப்பதில் தப்பே இல்லை.

அல்கோன்குயினைப் பற்றி நம்மவர்கள் பேசுவது பெரும்பாலும் இலையுதிர் காலத்து நிறங்களுக்காக. 1893 இல் உருவான பூங்கா, 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு. காரில் போய்த் தங்கும் இடங்களில் பெரும்பாலானவை பூங்காவின் தென்பகுதியை 56 கிலோமீற்றருக்கு ஊடறுக்கும் நெடுஞ்சாலை 60 ஐ ஒட்டியே இருக்கின்றன. லேக் ஒஃப் டூ றிவர்ஸில் மணற்கரையும் கடையும் உண்டு. பொக் லேக் அதைவிட அமைதி. அங்கிருந்து பழைய ரயில் பாதையில் சைக்கிள் ஓடலாம், ஏற்ற இறக்கம் இல்லாத வழி. ஆகஸ்ட் வியாழக்கிழமைகளில், ஓநாய்க் கூட்டம் வீதிக்கு அருகில் இருப்பது உறுதியானால், பூங்கா ஊழியர்கள் ஊளையிட்டு அழைப்பார்கள். நூற்றுக்கணக்கான சனம் இருட்டில் மூச்சுவிடாமல் நிற்க, காட்டுக்குள்ளிருந்து பதில் வரும்.

ஆனால் நம் அளவுகோல் தண்ணீர். இங்கே கரைகள் சின்னவை, தண்ணீர் தேயிலைச் சாயம் போலப் பழுப்பு. அழுக்கு இல்லை, இலைகுழைகளிலிருந்து ஊறும் இயற்கை நிறம்தான். இருந்தாலும் அடி தெரியாத தண்ணீரில் இறங்கச் சில பிள்ளைகள் மறுப்பார்கள். உயரமான நிலம் என்பதால் யூலையிலும் இரவில் 10 பாகை வரை இறங்கிவிடும். அம்மம்மாவுக்குத் தடித்த போர்வையும் கம்பளித் தொப்பியும் வேண்டும். மூஸ் என்ற பெரிய மானைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் அல்கோன்குயினை ஆகஸ்டில் தெரிவுசெய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூஸ் வீதியோரம் வருவது அதிகமும் மே, யூனில். குளிர்காலத்தில் வீதிக்குப் போட்ட உப்பு கரைந்து ஓரக் குழிகளில் தேங்கும், அதைக் குடிக்க வரும். அதே மே, யூனில்தான் பிளாக்ஃபிளை என்ற கறுப்பு ஈயும் பிறகு நுளம்பும் பிய்த்தெடுக்கும். சின்னப் பிள்ளைகளோடு அந்த மாதங்களில் கூடாரம் வேண்டாம். மூஸ்தான் நோக்கம் என்றால் பெரியவர்கள் மட்டும் போங்கள்.

இனி பான் எக்கோ. ரொறன்ரோவிலிருந்து பீற்றர்பரோ வழியாக நெடுஞ்சாலை 7 இல் கிழக்கே போய், கலடாரில் வடக்கே 41 இல் திரும்ப வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 401 இன் நெரிசலில் மாட்டாத வழி. மசினோ ஏரி. கரையில் நின்றால் எதிர்ப்பக்கம் நூறு மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக ஒரு கற்பாறை, ஒன்றரை கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணீரிலிருந்து நேரே எழும்புகிறது. இந்தக் காட்சி சாண்ட்பேங்க்ஸில் இல்லை. பாறையின் எதிர்க்கரையோ மணல், மெல்ல மெல்ல இறங்கும் ஆழம். இந்தச் சேர்க்கை கில்பேரில் கிடைப்பது அரிது. பெரிய ஏரிகளைப் போல ஒரே நாளில் தண்ணீர் குளிர்ந்துபோகாது. ஆகஸ்டில் பிள்ளைகள் உதடு நீலமாகாமல் மணிக்கணக்காக நிற்கலாம். நடு ஏரி மட்டும் மிக ஆழம். மிதவைக் கயிற்றுக்கு அப்பால் போகக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

பாறையின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, செங்காவியால் வரைந்த ஓவியங்கள் 260 க்கும் மேல் இருக்கின்றன. அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் முன்னோர் வரைந்தவை, அந்த மக்களுக்கு இன்றும் புனிதமானவை. அவற்றைப் பார்க்க ஒரே வழி தண்ணீர்தான். படகில் கிட்டப் போகும்போது முதலில் துருக்கறை போலத்தான் தெரியும். கண் பழகியபின் ஒரு படகும் அதில் நிற்கும் மனிதக் கோடுகளும் பிரிந்து வரும். முயல் காதுகளோடு ஓர் உருவம் இருக்கிறது, அதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். கையால் தொடாமல், தண்ணீர் தெளிக்காமல் பார்த்துவிட்டு நகருங்கள். அங்கிருந்து உரக்கக் கத்தினால் பாறை அப்படியே திருப்பிச் சொல்லும். பதினாறு வயதுப் பெடியன்கூட அந்த நேரம் சின்னப் பிள்ளையாகிவிடுவான்.

கனூ என்ற துடுப்புப் படகு வாடகைக்கு உண்டு. ஆனால் ஏரியின் இரு பகுதிகளும் சந்திக்கும் ஒடுக்கத்தில் பிற்பகல் காற்று பலமாக வரும். பழக்கமில்லாதவர்கள் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள். அம்மம்மாவுக்குக் கனூ சரிவராது. அவருக்காகவே இருப்பதுபோல் கோடையில் சுற்றுலாப் படகு ஓடுகிறது, காற்று அதிகமான நாட்களில் நிறுத்திவிடுவார்கள். பாறையின் உச்சிக்குப் போகும் பாதைக்கு இன்னொரு படகு கொண்டுபோய் விடும். பாதை குறுகிய தூரம்தான், இடையிடையே இரும்புப் படிகள். மேலே நின்று பார்க்கும் ஏரி, அரை நாள் மலையேறிப் பார்க்கும் காட்சிக்குக் குறைந்ததில்லை.

பான் எக்கோவில் ஏமாறக்கூடிய இடம் காம்ப்சைட் தெரிவில்தான். ஹார்ட்வூட் ஹில் என்ற பகுதி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். மரமடர்ந்தது, ஒதுக்கமானது, படங்களில் மிக அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை குளிக்கப் போகவும் கார் எடுக்க வேண்டும். இரண்டு பேராகப் போனால் அதுதான் சிறந்தது. பிள்ளைகளோடு போனால் ஏரிப்பக்கத்துப் பகுதியைத்தான் எடுக்க வேண்டும், கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. கைபேசி இணைப்பு அங்கே நம்பத்தக்கதல்ல. வேலைக்கு அழைப்பு வரக்கூடியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எல்லோருமே முதல்தடவைக்காரர்கள், பிள்ளைகள் எல்லோரும் எட்டு வயதுக்குள் என்றால் சாண்ட்பேங்க்ஸ், அதுவும் வாரநாளில். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், எல்லோருக்கும் நீந்தத் தெரியும் என்றால் யோசிக்காமல் கில்பேர். காடும் விலங்கும்தான் ஆசை என்றால் அல்கோன்குயின். நான் சொன்ன கலவையான கூட்டத்துக்கு, அம்மம்மாவும் ஐந்து வயதும் பதினாறு வயதும் ஒன்றாகப் போவதற்கு, பான் எக்கோவுக்கு நிகர் இல்லை. ஒரே கரையில் எல்லோருக்கும் ஏதாவது இருக்கிறது.

இடம் முடிவானாலும் தேதி தவறினால் எல்லாம் வீண். முன்பதிவு, வந்து சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். ஆகஸ்ட் 15 இல் போய் இறங்க வேண்டுமானால் மார்ச் 15 காலை 7 மணிக்குக் கணினி முன் இருக்க வேண்டும். சரியாக 7 மணிக்கு அழுத்தியும் நல்ல இடமெல்லாம் போய்விட்டதே என்று பலர் குறைப்படுவார்கள். காரணம் எளிது. வந்து சேரும் நாளை வைத்துத்தான் கணக்கு. புதன், வியாழனில் வந்து ஞாயிறு வரை நிற்கப்போகிறவர் உங்களுக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பதிந்துவிடுவார், உங்கள் வெள்ளியும் சனியும் அவரிடம் போய்விடும். இதற்கு மாற்று, ஞாயிறு பிற்பகல் போய் இறங்கி புதன் திரும்புவது. வார இறுதிக்காரர்கள் அன்று மதியத்தோடு வெளியேறுகிறார்கள், இடம் காலியாகிறது, வீதியும் நமக்கு எதிர்த்திசையில்தான் நெரியும். லீவு எடுக்க முடிந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. மாதத்தைக் கேட்டால் ஆகஸ்ட் இரண்டாம் பாதி. நுளம்பு குறைந்திருக்கும், தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், பாடசாலையும் தொடங்கியிருக்காது.

ஒரு காம்ப்சைட்டுக்கு ஆறு பேர்தான், ஒரே குடும்பமாக இருந்தாலொழிய. ஆகவே மூன்று குடும்பத்துக்கு மூன்று காம்ப்சைட், மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பதிய வேண்டும். யார் எந்த இலக்கம் என்று முதல்நாள் இரவே பேசிவைத்து, ஆளுக்கு இரண்டு மாற்று இலக்கங்களும் எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் படமும் விவரமும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது குளியலறைக் கட்டடத்துக்கான தூரம். அம்மம்மா இரவில் எழும்பிப் போக வேண்டும், அதனால் அவரது கூடாரம் நிற்கும் இடம் ஒரு நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். ஆனால் கட்டடத்தை ஒட்டியே எடுத்தால் இரவிரவாகக் கதவு அடிபடும் சத்தம். நடுவில் இரண்டு இலக்கம் விட்டு எடுப்பது அளவானது. அடுத்ததாக நிழலும் நிலத்தின் சமதளமும். பலர் மின்சார இணைப்புள்ள இடத்தையே தேடுவார்கள். சுவாச இயந்திரம் பாவிப்பவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு அவசியமில்லை, பெரிய டிரெயிலர்கள் எல்லாம் அங்கேதான் வரும். கூடாரமே வேண்டாம், கட்டில் வேண்டும் என்கிற மூத்தவர்களுக்கு அல்கோன்குயினின் மியூ லேக்கில் யூர்ட் எனும் சூடேற்றிய வட்டக் குடில்களும், பான் எக்கோவில் சிறு கேபின்களும் உண்டு. எண்ணிக்கை குறைவென்பதால் அவை இன்னும் வேகமாகப் போய்விடும்.

சமையல் விஷயத்தில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், அதனாலேயே கவனமும் வேண்டும். ஊறப்போட்ட கோழியும், கொத்துக்கு வெட்டிய றொட்டியும், சம்பலும் வாசத்தோடு இருப்பவை. கரடி உலவும் கில்பேர், அல்கோன்குயின், பான் எக்கோ மூன்றிலும் சாப்பிட்டு முடிந்தவுடன் கூலர், எண்ணெய்ப் போத்தல், குப்பை, பற்பசை உட்பட எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பக்கற்றும் இருக்கக் கூடாது. சாண்ட்பேங்க்ஸில் ரக்கூனுக்காக இதையே செய்ய வேண்டும். கழுவிய தண்ணீரைப் பொதுக் குழாயடியில் ஊற்றாதீர்கள். வீட்டிலிருந்து விறகு கொண்டுபோகாதீர்கள், ஆஷ் மரங்களை அழிக்கும் வண்டு விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகிறது. பூங்காவிலேயே வாங்கலாம். வரண்ட கோடையில் நெருப்பு மூட்டத் தடை வரும், அதனால் எரிவாயு அடுப்பு ஒன்று கட்டாயம். அப்புறம் ஒலிபெருக்கி. பூங்காவில் இரவு மட்டுமின்றிப் பகலிலும் மற்றவரைத் தொந்தரவு செய்யும் சத்தத்துக்கு இடமில்லை. பக்கத்துக் கூடாரத்தில் கைக்குழந்தை தூங்கும். பாட்டு வேண்டுமானால் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து நாமே பாடலாம். பெரியவர்களுக்கு எவ்வளவு பாட்டுத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

உண்ணியை மறக்க வேண்டாம். ஒன்ராறியோவின் கிழக்குப் பகுதியில், சாண்ட்பேங்க்ஸ், பான் எக்கோ பக்கங்களில், லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி உண்டு. புல்லுக்குள் போனால் நீளக் காற்சட்டை போட்டு, அதன் அடியை மேசோடுக்குள் செருகிவிடுங்கள். இரவு படுக்கமுன் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமயிரின் அடி மூன்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

நான்கிலும் இடம் கிடைக்காமல் போனால் பயணத்தை விடாதீர்கள். பதிந்தவர்கள் கடைசி வாரங்களில் விலகுவார்கள், முன்பதிவு இணையத்தளத்தைத் தினமும் ஒருமுறை திறந்து பார்த்தால் ஒன்றிரண்டு கிடைக்கும். ஆனால் மூன்று காம்ப்சைட் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பது அரிது. அதற்குப் பதிலாகக் கவார்த்தா பகுதியில் இருக்கும் பால்சம் லேக் பூங்காவைப் பாருங்கள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். கரை மணல், ஆழம் குறைவு, ஐந்து வயதுக்கும் அம்மம்மாவுக்கும் எந்தக் குறையும் இல்லை. காட்சி சாதாரணம், மோட்டார்ப் படகுச் சத்தமும் உண்டு. பெரிய பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டினால் பக்கத்திலிருக்கும் கேர்க்ஃபீல்ட் லிஃப்ட் லொக்குக்கு அழைத்துப் போங்கள். தண்ணீர் நிறைந்த பெரிய இரும்புத் தொட்டிக்குள் படகு நுழைய, தொட்டியையே படகோடு தூக்கி மேல்மட்டத்துக்கு விடுவார்கள்.